மூத்தாரின் கை

டொக், டொக்.

ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த கருப்பாயி அப்படியே நின்றுவிட்டாள். சத்தம் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. பலகைக் கட்டிலின் சட்டத்தில் விரல் முட்டி இடிக்கிற சத்தம். இரண்டு தட்டு, சற்று ஓய்வு, மறுபடி இரண்டு தட்டு. பட்டப்பகல். வெயில் கூலிக்காரர் லயத்துத் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பயப்படுகிற நேரமே இல்லை. ஆனாலும் கருப்பாயி ஓசைப்படாமல் வாசலுக்கு வந்தாள். தண்ணீர் வேண்டும் என்றால் இப்படித்தான் தட்டுவார் ஒருவர். அவர் செத்து மூன்று வருஷமாகிறது.

எட்டிப் பார்த்தாள். புருஷன் அய்யாவு மல்லாந்து படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. வலது கை வயிற்றின் மேல் கிடந்தது. இடது கை மட்டும் கட்டிலை விட்டுச் சரிந்து, உள்ளங்கையை விரித்துக்கொண்டு, தண்ணீர்ச் செம்பு இருந்த மூலையைப் பார்த்து நீண்டிருந்தது. விரல்கள் தாமாக வெட்டி வெட்டி இழுத்தன. இழுக்கும்போதெல்லாம் முட்டி சட்டத்தில் பட்டது.

அய்யாவு ரெங்கம் ஊருக்குத் தெற்கே, சிங்கப்பூர் போகும் ரயில் பாதையை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிறவன். பட்டைக்குக் காயம் படாமல் ஒரே இழுப்பில் கோடு போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கங்காணியே சொல்லுவார். கங்காணி வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அப்பேர்ப்பட்டவன் மழை விட்ட ஒரு காலையில், சீவிக்கொண்டிருந்த மரத்தையே கட்டிப்பிடித்தபடி சரிந்து விழுந்தான். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இருந்த பாலெல்லாம் மார்பில் கொட்டிக் கிடந்தது. வாயின் இடப்பக்கம் தொங்கிப் போயிருந்தது. சாக்கில் போட்டுத் தூக்கிவந்தார்கள். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கம்பை ஊன்றி நடந்தான். பேச்சும் கொஞ்சம் குழறலோடு வந்துவிட்டது. இடது கைதான் வரவில்லை.

வராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அது எரிந்தது. வேட்டி நுனி பட்டால் எரிந்தது. ஈ உட்கார்ந்தால் எரிந்தது. மழைக்கு முன்னால் வரும் குளிர்ந்த காற்று, ஊரெல்லாம் அப்பாடா என்று மார்பைத் திறந்து வாங்கிக்கொள்ளும் காற்று, அவன் கையில் பட்டால் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினதுபோல் அலறினான். செத்த கை வலிக்கக் கூடாது, வலிக்கிற கை செத்திருக்கக் கூடாது. இது இரண்டையும் ஒன்றாகச் செய்தது. இந்த நியாயம் லயத்தில் யாருக்கும் பிடிபடவில்லை.

அய்யாவுக்குப் பிடிபட்டுவிட்டது. விழுந்து கிடந்து எழுந்த கொஞ்ச நாளிலேயே சொல்லிவிட்டான்.

"இது என் கை இல்ல."

"பின்ன யாரு கையாம்?"

"அண்ணன் கை."

கருப்பாயி கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சிரித்துத் தள்ளிவிடலாம் என்று பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. தன்னையறியாமல் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். அதுதான் முறை.

அந்த முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அய்யாவின் அண்ணன் சடையன், கருப்பாயிக்கு மூத்தார். அவர்கள் சனத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரே நிற்கக் கூடாது, பேசக் கூடாது, முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, நிழல்கூட மேலே படக் கூடாது. ஊரில் கூடமும் கொல்லையும் உள்ளவர்களுக்கு இது சரிதான். நீட்டிப் படுத்தால் சுவரில் கால் இடிக்கிற லயத்து வீட்டில், ஒரே அறையில், நடுவே ஒரு சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்த முறையைக் காப்பாற்றுவது என்றால் அதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். மூத்தார் வாசலில் நின்று இருமுவார். கருப்பாயி படுதாவுக்குப் பின்னால் ஓடுவாள். சோற்றை வைத்துவிட்டு அவள் ஒளிந்த பிறகு அவர் வந்து உட்காருவார். வலது கை எச்சில் கையாக இருக்குமே, அதனால் தண்ணீர் வேண்டுமென்றால் இடது கை முட்டியால் செம்பைத் தட்டுவார். டொக், டொக். அவர் எழுந்து வாசலுக்குப் போவார், அவள் வந்து செம்பை நிரப்பி வைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். பார்த்தால் கோழி பிடிக்கிற விளையாட்டு மாதிரி இருக்கும்.

சடையனுக்கே இது வேடிக்கையாகத்தான் இருந்தது. "கடலத் தாண்டி வந்தாச்சு. இன்னும் என்னடா இந்தக் கூத்து? அந்தப் புள்ள மூச்சு முட்டிச் சாகப் போவுது" என்று தம்பியிடம் சொல்லுவார். அய்யாவுதான் விட மாட்டான். தாய் தகப்பன் இல்லாதவனைத் தோளில் தூக்கி வளர்த்து, கப்பலில் கூட்டிவந்து, கல்யாணமும் பண்ணிவைத்த அண்ணன். அவருக்குக் கொடுக்க அய்யாவிடம் மரியாதை ஒன்றுதான் இருந்தது. அதைப் பிடிவாதமாகக் கொடுத்தான். அதனால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் வருஷக்கணக்கில் இருந்தும் கருப்பாயி மூத்தாரின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. அவர் பாதம் தெரியும். இருமல் தெரியும். படுதா ஓரத்தில், செம்பைத் தட்டுகிற இடது கை தெரியும்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. லயத்தில் பாதிப் பேர் நடுங்கிக்கொண்டு கிடந்த சமயம். அய்யாவு மரம் சீவப் போயிருந்தான். படுதாவுக்கு அந்தப் பக்கம் சடையன் மட்டும் சுருண்டு கிடந்தார். டொக், டொக் என்று கேட்டது. கருப்பாயி முகத்தை மூடிக்கொண்டு போய், செம்பில் தண்ணீர் நிரப்பி, எப்போதும் வைக்கிற இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சத்தம். இந்தத் தடவை செம்பின் சத்தம் இல்லை, தரையைத் தட்டுகிற சத்தம். எட்டவில்லை என்று அவளுக்கு விளங்கியது. படுதாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். விலக்கினால் இரண்டே எட்டு. விலக்கவில்லை. யாராவது ஆம்பிளையைக் கூட்டிவரலாம் என்று பின்வாசல் வழியாக ஓடினாள். கிருஷ்ணம்மாவின் புருஷனை எழுப்பி அழைத்துவந்தபோது தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வேட்டியை இழுத்து முகத்தை மூடினார். மூடாமல் வெளியே கிடந்தது இடது கை. செம்பைப் பார்த்து நீண்டு, உள்ளங்கையை விரித்துக்கொண்டு.

அன்றைக்கே அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "நீ செஞ்சதுதான் மொற" என்றான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாக்குப் படுதாவைக்கூட யாரும் கழற்றவில்லை. அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டே இருந்தது.

இப்போது அந்தக் கை வந்து கட்டிலில் கிடக்கிறது.

கோயில் பூசாரி சின்னத்தம்பி வந்தார். வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை வருடி இறக்கினார். கொத்து இடது தோளைத் தாண்டியதும் அய்யாவு போட்ட கூச்சலில் லயத்து நாய்களெல்லாம் குரைத்தன. பூசாரி இரண்டடி துள்ளிப் பின்னால் விழுந்தார். "ஆமா, இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டு, பூசைக்குக் கொடுத்த சேவலைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. பேய் இருக்கிறது என்று சொல்ல வந்து பேய்க்குப் பயந்து ஓடின பூசாரியை என்னவென்று சொல்வது! ஆனால் அவர் சொன்னது லயம் முழுவதும் பரவிவிட்டது. பிள்ளைகளை அந்த வாசல் பக்கம் விளையாட விடவில்லை. கிருஷ்ணம்மா மட்டும் பழையபடி வந்து போனாள். அவளும் கட்டிலுக்குக் கிட்டே வருவதில்லை.

விறகு பிளக்கிற இடத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது. கருப்பாயி ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். அய்யாவு கட்டையின் முன்னால் மண்டி போட்டிருந்தான். இடது கையைக் கட்டையின் குறுக்கே போட்டிருந்தான். வலது கையில் விறகு வெட்டும் பாராங்கத்தி. முகத்தில் கோபமோ வெறியோ ஒன்றும் இல்லை. எங்கே கோடு போடலாம் என்று மரத்தைப் பார்ப்பானே, அதே நிதானத்தோடு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். கிருஷ்ணம்மாவும் ஓடிவந்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து கத்தியைப் பிடுங்கினார்கள்.

"விடுங்கடி! அவுரு கைய அவுருகிட்டயே சேத்துடுறேன். பொதச்ச எடத்துல போயிக் குடுத்துடுறேன். குடுக்காத வரைக்கும் எரிச்சல் நிக்காது" என்று அய்யாவு அழுதான். அவன் அழுது கருப்பாயி பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் செத்தபோதுகூட அவன் அழவில்லை.

பாராங்கத்தி கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போனது. அரிவாள்மனையும் போனது. மறுநாள் கருப்பாயி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், புருஷனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரி என்றால் ஒரு நீளக் கொட்டகை, வரிசையாகக் கட்டில், மருந்து கொடுக்க ஒரு டிரஸ்ஸர். டிரஸ்ஸர் சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் கோட்டும் நெற்றியில் விபூதியுமாக இருப்பார். காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், சோம்பலுக்கு வசவு என்று மூன்று மருந்துகளை வைத்து ஒரு தோட்டத்தையே சமாளித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர். அய்யாவின் கையில் ஒரு பஞ்சுத் துண்டை மெல்ல வைத்துப் பார்த்தார். அவன் துள்ளி விழுந்தான். சிவசம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கையிலே ஒரு நோயும் வருத்தமும் இல்லை, பிள்ளை. வருத்தம் தலையிலே. தலைக்குள்ளே நரம்பு அறுந்துபோச்சுது. அது சும்மா கிடந்து நெருப்பு நெருப்பு எண்டு கத்துது. விளங்குதோ?"

"மருந்து குடுங்கையா."

"உதுக்கு என்னட்டை மருந்து இல்லை. நித்திரைக்கு மருந்து தரலாம். எழும்பினால் திரும்பவும் எரியும்." அவர் யோசித்தார். "நான் சிங்கப்பூரிலே இருந்த காலம், சண்டையிலே காயப்பட்ட சிப்பாய்மாருக்கு இப்பிடித் தொட ஏலாத நோ வாறது. ஒரு வெள்ளைக்காரத் தாதி தொட்டுத் தொட்டே பழக்கினவ. நோகாத இடத்திலே, தோளிலே தொடங்க வேணும். முதல்லே பஞ்சு. அது பழகினால் பழஞ்சீலை. பிறகு துவாய், பிறகு சாக்கு. இளஞ்சூட்டுத் தண்ணியிலே கழுவ வேணும். ஒவ்வொரு நாளும். கத்தினால் விடப்படாது, நிப்பாட்டி, திரும்பத் தொடங்க வேணும். அவர் அந்தக் கையைப் பாத்துக்கொண்டிருக்க வேணும். அதுதான் முக்கியம். தலைக்கு நம்பிக்கை வர வேணும், இது நெருப்பில்லை, சீலைதான் எண்டு."

"சரியாப் போயிருமாங்கையா?"

"முழுக்கப் போகாது. தாங்கலாம். வேலை வெட்டிக்கு ஒருவேளை கை உதவும். ஆனால் வேறை ஆராவது வந்து செய்வினம் எண்டு இருக்கப்படாது. நீதான் செய்ய வேணும்."

கருப்பாயி வாய் திறப்பதற்குள் அய்யாவு குறுக்கே விழுந்தான். "இவ தொடக் கூடாதுங்க."

"ஏன்?"

"இது எங்கண்ணன் கைங்க. இவளுக்கு மூத்தார்."

சிவசம்பு முதலில் சிரித்தார். பிறகு கருப்பாயியைப் பார்த்தார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புருஷனின் இடப்பக்கம் வராமல், வலப்பக்கமாகவே ஒதுங்கி நின்றாள். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சுச் சுருளை ஒரு காகிதத்தில் சுற்றி அவளிடம் நீட்டினார்.

தொடுவதற்கு வேறு யாரும் இல்லையா என்று கேட்கலாம். கிருஷ்ணம்மாவின் புருஷன் ஒரு சாயங்காலம் வந்தார். பட்டை உரித்துக் காய்த்துப்போன விரல்களில் பஞ்சை வைத்துக்கொண்டு, வாயில் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே தொட்டார். அய்யாவு கத்தினான். அந்தக் கை ஒரு வெட்டு வெட்டி அவர் மணிக்கட்டில் இடித்தது. பஞ்சு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "என்னால ஆவாது தாயி" என்று போய்விட்டார். கிருஷ்ணம்மா அடுத்தவள் புருஷனைத் தொடலாமா? கருப்பாயிதான் இருந்தாள். அவன் தூங்கும்போது ஒரு தடவை கிட்டே போனாள். கண்ணைத் திறந்துவிட்டான்.

"மொற தெரியாதவளாடி நீ? அவுரு உசுரோட இருந்தப்பத் தொடாத கைய, செத்தப்புறம் தொடுவியா?"

இந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவன் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, முறையைத்தான் சொன்னான். ஆனால் சொன்ன பிறகு அவனுக்கே அது என்ன வார்த்தை என்று உறைத்திருக்க வேண்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இடது கை கட்டிலிலிருந்து சரிந்தது. டொக், டொக்.

நாளுக்கு நாள் அந்தச் சத்தம் கூடியது. கருப்பாயி மரம் சீவப் போய் மரத்தடியில் நிற்கும்போதும் அது கேட்டது. மரங்கொத்தி தட்டினால் திரும்பிப் பார்த்தாள். மங்கில் பால் சொட்டுகிறது என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தாள். இரவில் செம்பை மூலையில் வைக்காமல் வெளியே கொண்டுபோய் வைத்தாள். காலையில் பார்த்தால் கை வாசற்படிப் பக்கம் நீண்டு கிடந்தது. வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று ஒரு கணம் காது கொடுப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. அது மூத்தார் அவளுக்காகச் செய்த வழக்கம். அவர் நின்று இருமின இடத்திலேயே இப்போது அவள் நின்றாள்.

பிறகு ஒரு நாள், அய்யாவு மரம் சீவுகிற கத்தியைக் காணவில்லை.

சுவரில் ஆணியில்தான் மாட்டியிருந்தது. அதை மட்டும் அவள் கிருஷ்ணம்மா வீட்டுக்குக் கொடுக்கவில்லை. குட்டிக் கத்தி, வளைந்த நுனி, இதில் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டாள். உண்மையில் அதைக் கொடுத்தால் அவன் இனி மரம் சீவ மாட்டான் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்று பயந்தாள். அரிசிப் பானை, அடுப்படி, கூரை இடுக்கு என்று தேடினாள். அவன் படுத்திருந்த பாயின் அடி ஒன்றுதான் பாக்கி. அவனோ அன்று கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

"கத்தி எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

அவன் மணிக்கட்டில் ஒரு கீறல் இருந்தது. ஆழமில்லை. மரத்தில் முதல் கோடு போடுவதற்கு முன் அடையாளம் வைப்பது போல, சுத்தமான சின்னக் கீறல். கருப்பாயி அதை உற்றுப் பார்த்தாள். இவன் வெட்டிக்கொள்ளத்தான் போகிறான். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, தான் தோட்டக் காட்டில் இருக்கும் ஒரு காலையில். ரத்தம் போய்ச் சாவான். வந்து பார்க்கும்போது யாராவது வேட்டியை இழுத்து முகத்தை மூடியிருப்பார்கள்.

டொக், டொக்.

அவள் படுதாவுக்குப் பின்னால் போனாள். சும்மா நின்றாள். சாக்கு வாடை, பழைய புகை வாடை. அன்றைக்கு எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளோ அந்த இடத்தில் சாக்கு நைந்துபோயிருந்தது. டொக், டொக். அன்றைக்கும் இதே வெயில்தான். அன்றைக்கும் இதே இரண்டு எட்டுதான்.

படுதாவை ஒரே இழுப்பில் பிய்த்துக் கீழே போட்டாள். அடுப்பில் கிடந்த வெந்நீரைச் செம்பில் ஊற்றி விளாவினாள். தலையில் கிடந்த முந்தானையைத் தள்ளிவிட்டு இடுப்பில் செருகினாள். அது அண்ணன் கை என்று அவன் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் தலை வெறுந்தலையாக இருந்தது அதுதான் முதல் தடவை. நேரே போய், கட்டிலின் இடப்பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"ஏய், என்னடி—"

"நான் ஒங்ககிட்ட பேசல." அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தாள். "மூத்தாரே, தண்ணி கொண்டாந்திருக்கேன்."

அய்யாவு தலையைத் தூக்கினான்.

"அன்னிக்கே கொண்டாந்திருக்கணும். ரெண்டு எட்டு வெக்கல. மொறன்னு நின்னுட்டேன். நீங்க இந்த மொறயக் கேக்கல, எனக்குத் தெரியும். படுதாவுக்கு இந்தாண்ட நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். இப்பக் குடுக்குறேன். எரிஞ்சா பொறுத்துக்குங்க."

பஞ்சை வெந்நீரில் நனைத்துத் தோளில் வைத்தாள். டிரஸ்ஸர் சொன்னது அவளுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. தோளிலிருந்து மெல்ல இறங்கினாள். முழங்கையைத் தாண்டியதும் அய்யாவு பல்லைக் கடித்தான், கத்தினான், வலது கையால் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவள் பஞ்சை எடுத்தாள், காத்திருந்தாள், மறுபடி தோளில் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. கடைசியில் உள்ளங்கையில் ஒரு சொட்டுப் பிழிந்தாள். விரல்கள் வெட்டின. இன்னொரு சொட்டு.

"மெதுவா..." அய்யாவின் குரல். தலைமுடியைப் பிடித்திருந்த பிடி தளர்ந்திருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்த நாளிலிருந்து அவன் அதை நேராக முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. வெட்ட வேண்டிய இடத்தை மட்டும்தான் பார்த்திருந்தான். "மெதுவா ஊத்து. அவுருக்கு எரியுது."

"சரி. நீங்க சொல்லுங்க, எங்க எரியுதுன்னு."

அப்படித்தான் அது தொடங்கியது. கத்தியை அவள் மறுபடி கேட்கவில்லை, அவனாகவே எடுத்துக் கொடுக்கட்டும் என்று பாயைத் தொடாமல் விட்டாள். லயத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். மூத்தாரைத் தொடுகிறாளாம், அதுவும் செத்த மூத்தாரை! கருப்பாயி காதில் வாங்கவில்லை. மரம் சீவிப் பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டு வந்ததும் வெந்நீர் வைத்துவிடுவாள். பஞ்சு பழகியது. பழைய வேட்டித் துண்டு பழக வெகுநாள் பிடித்தது. நடுவில் மழை வந்து குளிர்ந்தபோது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, மறுபடி பஞ்சிலிருந்து ஆரம்பித்தார்கள். சில நாள் அவள் வெறுத்துப்போய்த் துணியை விட்டெறிந்ததும் உண்டு. அவள் துடைக்கும்போது அய்யாவு அண்ணனிடம் பேசுவான். "கப்பல்ல எனக்கு வாந்தி வந்தப்ப ஒன் துண்டத்தான குடுத்த? இது அதே மாதிரித் துண்டுதான், பொறுத்துக்க." கையில் வலி கூடினால், "கோவிச்சுக்காத அண்ணே. ஒனக்கு மரியாத பண்றதா நெனச்சு நான்தான் அவளப் படுதாவுக்குள்ள போட்டு வெச்சேன். நான்தான்" என்பான். அதைக் கேட்கும்போது கருப்பாயி தலையைக் குனிந்துகொண்டு துடைப்பாள்.

சட்டத்தில் தட்டுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறைய அவளுக்கு ஒரு பயம் வந்தது. இருந்தபோது பயந்தாள், போகப் போகிறதே என்று இப்போது பயந்தாள்.

சாக்குத் துணிக்கு வந்த சமயம். பிய்த்துப் போட்ட படுதாவிலிருந்தே ஒரு துண்டைக் கிழித்து வைத்திருந்தாள். அதைக்கொண்டு தேய்த்து முடித்துவிட்டு, எப்போதும்போல் செம்பை உள்ளங்கையில் சாய்த்து, அடியில் தன் கையைக் கொடுத்து நின்றாள். வெட்டி வெட்டி இழுக்கிற விரல்கள் வெட்டவில்லை. ஒவ்வொன்றாக மடங்கின. செம்பைச் சுற்றி மடங்கிப் பிடித்துக்கொண்டன. தன் கையை மெல்ல உயர்த்தினாள். அந்தக் கையும் செம்போடு உயர்ந்தது. கோணிய உதட்டில் செம்பின் விளிம்பு பட்டது. பாதி தாடையில் வழிந்தது. பாதியை அய்யாவு குடித்தான். மடக் மடக் என்று, ரொம்ப நாள் தாகம்போலக் குடித்தான்.

செம்பு காலியானதும் விரல்கள் விட்டுவிட்டன. அது உருண்டுபோய் மூலையில் நின்றது. வீடு அமைதியாக இருந்தது. இருவரும் காது கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

அய்யாவு தன் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அதைத் தடவினான். முகம் சுருங்கியது.

"கருப்பாயி."

"என்ன?"

"என் கை எரியுது."

அவள் அவனையே பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். "பாயத் தூக்கிப் பாரு" என்றான். தூக்கினாள். மரம் சீவுகிற கத்தி அங்கேதான் இருந்தது. இத்தனை நாளும் அவள் அந்தக் கையைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. எடுத்து ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுகை அடக்க முடியாமல் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்த மனிதர் அவளுக்கு இன்றைக்குத்தான் செத்தார். அழுவதற்கு ஒரு முகத்தை நினைக்கலாம் என்று பார்த்தாள். பாதம் வந்தது, இருமல் வந்தது, கை வந்தது. முகம் வரவில்லை.

"ஒங்கண்ணன் மொகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

அய்யாவு கிட்டே வா என்று தலையாட்டினான்.

"என் மொகந்தான். அப்படியே உரிச்சு வெச்ச மாதிரின்னு ஊர்ல சொல்லுவாங்க. கோணல் மட்டும் கெடையாது. பாரு."

அவள் எழுந்து வந்து, எரிகிற கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, தலை குனியாமல் பார்த்தாள்.